ஊர்ச் சொத்தும் ஏழையின் ஓய்வு நாளும்

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த குடும்பஸ்தர் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். "அப்பா, இன்றைக்கு எங்கேயாவது அழைத்துக்கொண்டு போங்களேன்" என்று குழந்தை வந்து கேட்கிறது. பதில் சொல்வதற்கு முன் அவர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறார். நான்கு பேருக்கு சினிமா டிக்கெட், இடைவேளையில் தின்பண்டம், போக வர ஆட்டோ வாடகை. கூட்டிப் பார்த்தால் உழைத்துச் சேர்த்த கூலியில் பெரும் பங்கு கரைந்துவிடும் போலிருக்கிறது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே கணக்கு, அதே பதில். நாளடைவில் குழந்தை கேட்பதையே விட்டுவிடுகிறது.

2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படியே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் மதுரை மாநகரில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. நேயர்களில் பலருக்கு இது சொந்த வீட்டுக் கதையாகவே இருக்கும். ஆனால் இதற்கு வறுமை ஒன்றே காரணம் என்று நாம் நினைக்கவில்லை. சந்தோஷம் என்பது கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. காசில்லாதவனுக்கு ஊரில் போக இடமில்லை என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். மதுரையைப் பொறுத்தவரை இது முற்றிலும் தவறு. ஒரு காசு கட்டணமில்லாமல் குடும்பத்தோடு ஒரு பகல் முழுவதும் கழிக்கக்கூடிய இடங்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. அவை யாரோ போட்ட பிச்சையல்ல. நம் முன்னோரும், நம் காலத்து ஜனங்களும், உழைத்தும் போராடியும் சேர்த்து வைத்த பொதுச் சொத்து. அச்சொத்துக்கு உரியவர்கள் அதை அனுபவிக்காமல் வீட்டில் முடங்கிக் கிடந்தால், அது ஒருநாள் கைமாறிப் போகும். இந்த அபாயத்தை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஊரின் நடுவிலிருந்தே தொடங்குவோம். ஸ்ரீ மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கும் அப்பால் வெளி வீதி என்று தாமரையின் இதழ்களைப்போல் வீதிகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. தமிழ் மாதங்களின் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இந்நகரைவிடச் சிறந்த பாடப்புத்தகம் உண்டோ? வெளி வீதிக்கு வந்ததும் பழைய கோட்டையின் கதையைச் சொல்லலாம். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது எழுந்த வீதிகள் அவை. அவ்வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்களையே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றுவரை தாங்கி நிற்கின்றன.

ஆலயத்தினுள் பொது தரிசனத்துக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கியவர் விரைவில் செல்வார். வாங்காதவர் சற்றுப் பொறுத்துச் செல்வார். தெய்வம் இருவருக்கும் ஒன்றே. கைபேசியை உள்ளே கொண்டு போக அனுமதியில்லை. அதுவும் ஒருவிதத்தில் நன்மையே. பொற்றாமரைக் குளத்துப் படிகளில் தகப்பனும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க ஒரு மணி நேரமாவது கிடைக்கிறதல்லவா? அப்படி உட்கார்ந்திருக்கும்போது 1939ஆம் வருஷம் ஜூலை மாதம் 8ஆம் தேதியைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். தாழ்ந்த வகுப்பினர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களை அன்றுதான் ஸ்ரீ வைத்தியநாத ஐயர் இவ்வாலயத்தினுள் அழைத்துச் சென்றார். பின்னாளில் மந்திரியாக விளங்கிய ஸ்ரீ கக்கனும் அன்று உள்ளே சென்றவர்களில் ஒருவர். அதற்கு முன் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இன்று நம் குழந்தைகள் எல்லாரும் தடையின்றி ஓடியாடும் பிராகாரம், ஒரு காலத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இலவசம் என்பதன் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. காசு கேட்காதிருப்பது மட்டும் போதாது. யாரையும் தள்ளி நிறுத்தாதிருப்பதே மெய்யான இலவசம்.

ஆலயத்திலிருந்து மேலமாசி வீதிக்கு நடந்து போகும் தூரந்தான். அங்கே 251-ஏ இலக்கமுள்ள வீட்டின் மாடியில் தங்கியிருந்தபோதுதான், 1921ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி, மகாத்மா காந்தி தம் பழைய உடையைத் துறந்து அரைத்துணிக்கு மாறினார். இந்நாட்டு உழவன் எதை உடுத்த முடியுமோ அதற்கு மேல் தமக்கு வேண்டாம் என்று அவர் முடிவு கட்டியது நம் ஊரில். 1934இல் மீண்டும் இங்கே வந்தபோது, எல்லாருக்கும் திறக்காத ஆலயத்தினுள் தாமும் நுழையமாட்டேன் என்று திரும்பிப் போனார். 1946இல், தடை நீங்கிய பிறகே, உள்ளே சென்று வழிபட்டார். இந்தச் சரித்திரத்தைப் பாடப்புத்தகத்தில் படித்து மறக்கும் குழந்தை, அந்த வீதியில் நின்று கேட்டால் மறக்குமா?

அங்கிருந்து பஸ் ஏறினால் வைகைக்கு வடகரையில் தமுக்கத்தில் இறங்கலாம். அங்கேயுள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் கதை தனிச் சுவையுள்ளது. அது நாயக்கர் காலத்து அரண்மனை. ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. நாயக்கர் ஆட்சி போனபின் வெள்ளைக்காரக் கலெக்டர்களின் வாசஸ்தலமாயிற்று. சாமானியர் அக்காலத்தில் அதன் படியேறியிருக்க முடியுமா? சுதந்தரம் வந்தபின் அக்கட்டடம் காந்தியடிகளின் நினைவுக்கென்று ஒதுக்கப்பட்டு, 1959ஆம் வருஷம் ஏப்ரல் 15ஆம் தேதி பண்டித நேருவால் திறந்துவைக்கப்பட்டது. அரசி வாழ்ந்த இடம், கலெக்டர் வாழ்ந்த இடம், இன்று கூலிக்காரரின் குழந்தையும் கட்டணமின்றி நுழையும் இடம்! ஜனநாயகம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டிலும் தெளிவான விடை சொல்ல நம்மால் இயலாது. நாடு அடிமைப்பட்டதும் விடுதலை பெற்றதும் படங்களாக அங்கே வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. கடைசியில், மகாத்மா சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் கூச்சலிடும் குழந்தையும் தானாக அடங்கிவிடும். வெளியே மரநிழல் உண்டு. சேவாகிராமத்துக் குடிசையின் மாதிரியும் உண்டு.

பிற்பகல் வெயில் கடுமையாக இருந்தால் புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். 2023ஆம் வருஷம் ஜூலை 15ஆம் தேதி, காமராஜர் பிறந்த தினத்தன்று திறக்கப்பட்ட இந்நூலகம் இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்புள்ளது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சட்டை கிழிந்திருக்கிறதா, கையில் பணம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து எந்தப் புத்தகத்தையும் எடுத்து வாசிக்கலாம். எழுத்தறியாத தாயும் தன் குழந்தை படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து மகிழலாம்.

மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம் இது. தம் மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், முக்குறுணிப் பிள்ளையார் அங்கேதான் அகப்பட்டார் என்றும் கர்ண பரம்பரையாகச் சொல்வார்கள். நம்மில் பலருடைய இளம்பிராயத்தில் அது வறண்டு கிடந்தது. பையன்கள் குளத்துக்குள்ளேயே கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத் தெப்பத் திருவிழாவும் நீரின்றி நிலைத்தெப்பமாக நடந்த ஆண்டுகள் உண்டு. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து தண்ணீர் கொணர்ந்த பிறகு குளம் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது மாலை வேளையில் கரைச்சுவர் நெடுகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். நீ எந்த மதம், எந்த ஜாதி என்று அங்கே கேட்பாரில்லை. வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு போனால் கடைப்பண்டச் செலவும் இல்லை. ஒரு கால்வாயைத் தூர் வாரினால் ஓர் ஊருக்கு எவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறது என்பதற்குத் தெப்பக்குளமே சாட்சி.

இனி நகரை விட்டு வெளியே போவோம். மதுரையைச் சுற்றிய சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் குன்றுகள் நம் தலைநகரமான சென்னைக்கும் வாய்க்காத செல்வம். மேற்கே நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுக்களும். பார்க்கக் கட்டணம் இல்லை. வடகிழக்கே ஒத்தக்கடையில் யானை படுத்திருப்பதுபோல் யானைமலை. அதன் அடியில் நரசிங்கத்தில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன்காரி கி.பி. 770இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சமணமும் சைவமும் வைணவமும் ஒரே மலையடியில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த நாடு இது என்று குழந்தைகள் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

இந்த யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றுவதென்று 2010இல் ஒரு யோசனை எழுந்தது. அடிவாரத்துக் கிராம ஜனங்கள் கிளர்ந்தெழுந்து எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அக்கிளர்ச்சியை ஒட்டிப் பிறந்ததுதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' என்னும் இயக்கம். விடுமுறை நாள் காலையில் ஊரிலுள்ளவர்கள் குழந்தை குட்டிகளோடு ஒரு மலையடிவாரத்தில் கூடுவார்கள். சரித்திரம் அறிந்த பெரியவர்கள் கல்வெட்டின் பொருளை எளிய தமிழில் எடுத்துச் சொல்வார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஒன்றாக உண்பார்கள். கட்டணம் கிடையாது, மேடையும் மாலையும் கிடையாது. ஆயிரம் கூட்டங்களில் சாதிக்க முடியாததை இந்த நடை சாதித்திருக்கிறது. அந்த மலைகள் தங்களுடையவை என்ற உணர்ச்சியை நகரத்துக் குடும்பங்களுக்கு அது ஊட்டியது.

அவ்வுணர்ச்சி எவ்வளவு அவசியம் என்பதை மேலூர்ப் பக்கத்தில் கண்டோம். ஆள் போகாத குன்றுகள் கேட்பாரின்றி கிரானைட் கற்களாக அறுபட்டன. சட்டவிரோதமாகக் கல் வெட்டப்படுவதைப் பற்றிக் கலெக்டராயிருந்த ஸ்ரீ உ. சகாயம் 2012இல் சர்க்காருக்கு அறிக்கை அனுப்பிய பிறகே நாடு விழித்தது. அதற்குள் போன மலை போனதுதான். எத்தனை வழக்குப் போட்டாலும் அது முளைத்து வராது.

இதற்கு மாறானது அரிட்டாபட்டியின் கதை. தமிழ் எழுத்தின் மிகப் பழைய கல்வெட்டுக்களும், குடைவரைச் சிவன் கோயிலும், தீர்த்தங்கரர் சிற்பமும், சுனைகளும், அரிய பறவைகளும் உள்ள அக்கிராமப் பகுதியை 2022 நவம்பரில் சர்க்கார் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அப்பிரதேசத்தை உள்ளிட்ட 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமை ஏலம் போயிற்று. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகருக்கு ஆயிரக்கணக்கான விவசாயிகள், ஆண்களும் பெண்களுமாக, அணிவகுத்து வந்தார்கள். அம்மாதம் 23ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. இன்று நீங்கள் உங்கள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மலையடியில் நடக்க முடிகிறதென்றால், அது அந்த விவசாயிகள் பெற்றுத் தந்த பேறு.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் மதுரையின் இலவசத்தைப் பற்றிப் பேச முடியுமா? அழகர் கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு, வைகையில் இறங்கும் அந்நாட்களில் ஊரே ஒரு குடும்பம். வழியெங்கும் நீர்மோர்ப் பந்தல், பானகம், அன்னதானம். வாங்குகிறவன் தாழ்ந்தவன், கொடுக்கிறவன் உயர்ந்தவன் என்ற பேதம் அன்று கிடையாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். கைக்குழந்தைகளோடும் வயோதிகர்களோடும் செல்பவர்கள் ஆற்றில் இறங்கும் நேரத்தின் முண்டியடிப்பைத் தவிர்த்து, மண்டகப்படிகளில் சாவகாசமாக தரிசிப்பதே விவேகம்.

இவ்வளவும் இருந்தும் குடும்பங்கள் வீட்டில் அடைந்து கிடப்பானேன்? இங்கேதான் நேயர்களிடம், முக்கியமாகப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களிடம், மனம் நோகாமல் ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஜனங்களின் உரிமையைப் பற்றி நாம் மேடைதோறும் முழங்குகிறோம். தமுக்கத்தில் எத்தனை கூட்டங்களுக்குப் போயிருக்கிறோம்! பக்கத்திலிருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கு நம் மனைவி மக்களை ஒரு தடவையாவது அழைத்துப் போயிருக்கிறோமா? ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு நாள். அடுப்படியிலிருக்கும் நம் வீட்டுப் பெண்மக்களுக்கு அது மற்ற நாட்களைவிட வேலை மிகுந்த நாள். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் ஏற்பட்டது. 2022இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் சர்க்கார் பஸ்களில் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்டது. பஸ்ஸின் கதவு திறந்துவிட்டது. வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

சர்க்காரும் நகரசபையும் செய்ய வேண்டியவையும் உண்டு. நுழைவு இலவசமாயிருந்து, குடிக்கத் தண்ணீரும், நிழலும், பெண்கள் நம்பிக்கையோடு போகக்கூடிய சுத்தமான கழிப்பிடமும் இல்லாவிட்டால் அந்த இலவசம் பாதி இலவசமே. குன்றுகளின் அடிவாரத்துக்கு விடுமுறை நாட்களிலாவது பஸ்கள் போதுமான அளவில் ஓட வேண்டும். திருமலை நாயக்கர் மஹாலிலும், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திலும் நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். தனி ஆளுக்கு அது சிறு தொகையாகத் தோன்றலாம்; பாட்டி முதல் பேரன் வரை ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அப்படியன்று. மாதத்தில் ஒரு நாளாவது அவ்விடங்களை யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடலாகாதா?

கட்டணமில்லாவிட்டால் பராமரிப்பு எப்படி என்று கேட்பார்கள். நம்மை ஆண்ட இங்கிலாந்தையே பார்க்கட்டும். அங்கே தேசிய அருங்காட்சியகங்களில் வசூலித்துவந்த கட்டணத்தை 2001 டிசம்பரில் நீக்கினார்கள். பத்து வருஷங்களுக்குள் அவ்விடங்களுக்குச் செல்வோர் இருமடங்குக்கு மேல் பெருகினார்கள். பராமரிப்புக்குப் பணம் ஜனங்களின் வரியிலிருந்து வருகிறது. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கொடுக்கிறான். கொடுத்தவனிடமே வாயிலில் நிறுத்தி மறுபடியும் கேட்பது நியாயமாகுமா?

இறுதியாக நாம் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தை வந்து கேட்கும்போது "அடுத்த வாரம்" என்று சொல்லாதீர்கள். காலையில் அடுக்களை வேலையில் ஒரு கை கொடுத்து, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாருமாகப் புறப்படுங்கள். பொற்றாமரைப் படியில் வைத்தியநாத ஐயரின் கதையைச் சொல்லுங்கள். தமுக்கத்தில் காந்தியின் துணியைக் காட்டுங்கள். அரிட்டாபட்டியில் மலையைக் காத்த விவசாயிகளைப் பற்றிச் சொல்லுங்கள். நாளை வேறொரு குன்றுக்கோ குளத்துக்கோ விலை பேச யாரேனும் வந்தால், "அது எங்கள் இடம், நாங்கள் சிறு பிராயத்தில் அங்கே விளையாடியிருக்கிறோம்" என்று எழுந்து நிற்கப் போகிறவர்கள் அந்தக் குழந்தைகளே.